போர்டு வாங்காதீங்க சார்!

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். கீழே நான் யாரையெல்லாம் திட்டப் போகிறேனோ, அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், 43 வயசில், எனக்கு சர்ஃபிங் ஆசை வந்தது. சில பேருக்கு இந்த வயசில் ஆன்மிகம் வரும். சில பேருக்கு செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்கிப் போடும் வெறி வரும். எனக்கு அலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் (கேரளா கோவளம் இல்லை, முட்டுக்காடு தாண்டியதும் வருகிற நம்ம ஈ.சி.ஆர். கோவளம்) மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில், பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்கள் அலை மேல் நின்றபடி கரைக்கு வருவதைப் பார்த்தேன். பஸ் படிக்கட்டில் தொங்குகிற அலட்சியத்தோடு நின்றார்கள். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

மறுநாள் என்ன செய்திருக்க வேண்டும்? யார் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று விசாரித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? போர்டு எங்கே விற்கிறது என்று விசாரித்தேன்.

இது என் ஒருத்தன் வியாதி இல்லை. நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு இருக்கிற வியாதி. நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நடக்க மாட்டோம், டிரெட்மில் வாங்குவோம். அதில் ஈரத் துணி காயும். பாட்டு கற்றுக்கொள்ள ஆசை வந்தால் முதலில் கீபோர்டு. அது கொலுவுக்கு ஒரு படியாகப் பயன்படும். பொருளை வாங்கிவிட்டால் திறமை பார்சலில் கூடவே வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். ஊரில் அது ஒன்றுதான் அப்படி என்றும் நான் சொல்ல மாட்டேன். அங்கே இருந்த தம்பி என் உயரத்தைக் கேட்டார். என் எடையைக் கேட்கவில்லை. நீச்சல் தெரியுமா என்று கேட்கவில்லை. இதுக்கு முன்னால் போர்டின் மேல் படுத்தாவது இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. "இதுதான் சார் இப்ப மூவிங்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். 6 அடி 2 அங்குலம். கூர் மூக்கு. பளபளவென்று ஃபைபர் கிளாஸ். 52,000 ரூபாய். கையில் பிடித்தபோது கண்ணாடியில் நான் ஆஸ்திரேலியக்காரன் மாதிரி தெரிந்தேன். (அன்றைக்கு என் எடை 84 கிலோ என்பதைக் கண்ணாடியும் சொல்லவில்லை.) காலில் கட்டுகிற கயிறு, லீஷ் என்பார்கள், அது தனி, 3,500 என்றார். "கயிறுதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பி.காம். படித்தவன் இல்லையா, செலவைக் குறைத்துவிட்டேனாம்!

அடுத்த ஞாயிறு தண்ணீரில் இறங்கினேன். போர்டின் மேல் படுத்தேன். போர்டு என்னோடு சேர்ந்து தண்ணிக்குள் போனது. பக்கவாட்டில் புரண்டது. மறுபடி ஏறினேன், மறுபடி புரண்டது. அரை மணி நேரம் இதே கூத்து. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு மீனவர், சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பவர், பக்கத்தில் வந்து சொன்னார்: "கோச்சுக்காதீங்க சார். பலகைதான் உங்களைத் தூக்கணும். நீங்க பலகையத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க."

அதோடு கரையேறியிருந்தால் இந்தக் கட்டுரையை வெறும் நகைச்சுவையாக எழுதியிருப்பேன். ஏறவில்லை. ரோஷம். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு அலை வந்து என்னைப் புரட்டிப் போட்டது. போர்டு கையை விட்டுப் போய்விட்டது. காலில் கயிறு இல்லை. அலை அதைக் கரைப் பக்கமாக அடித்துக்கொண்டு போனது. அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனின் புருவத்தில் அந்தக் கூர் மூக்கு குத்தியது.

கேளம்பாக்கத்தில் 6 தையல் போட்டார்கள். கண்ணுக்கும் காயத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. பையனின் அப்பா வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர், துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கயிறு கட்டலியா சார்?" கன்னத்தில் ரெண்டு அறை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் இப்போது எதற்கு எழுதுகிறேன்? 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. நம்ம ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் தனிநபர் பதக்கம் வாங்கியது அதுதான் முதல் தடவை. சந்தோஷம். ஆனால், அதற்கப்புறம் என்னிடம் பேசுகிற நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "என்ன போர்டு வாங்கலாம்?" எப்படிக் கத்துக்கலாம் என்று இதுவரை ஒருத்தர் கேட்கவில்லை!

அதனால்தான் சொல்கிறேன். போர்டு வாங்காதீர்கள். குறைந்தது ஆறு மாசத்துக்கு.

ஏன் என்பதற்குப் பள்ளிக்கூட அறிவியல் போதும். கடைக்காரர் உங்களிடம் அடி, அங்குலம் என்று பேசுவார். நீங்கள் கேட்க வேண்டியது லிட்டர். ஒரு போர்டின் கொள்ளளவு எத்தனை லிட்டரோ, கிட்டத்தட்ட அத்தனை கிலோவைத்தான் தண்ணீர் தூக்கிக்கொடுக்கும். அதிலும் போர்டின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் சமாசாரம். நான் வாங்கியது சுமார் 30 லிட்டர். என் 84 கிலோவுக்கு அது தெர்மகோல் தட்டில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி.

'சாம்பியன்கள் எல்லாம் அதைவிடச் சின்னப் போர்டில் ஓட்டுகிறார்களே?' ஓட்டுகிறார்கள். அவர்களில் பலர் வைத்திருப்பது 25 லிட்டர், 30 லிட்டர்தான். ஆனால், அந்தப் போர்டு அவர்களைத் தாங்குவது மிதந்து அல்ல, ஓடி! அலையில் வேகமாக இறங்கும்போது அடியில் அழுத்துகிற தண்ணீர் போர்டை மேலே தள்ளுகிறது. ஓடுகிற சைக்கிள் நிற்கும். நிற்கிற சைக்கிள் விழும். அந்த வேகம் வருவதற்குள் துழாவி, சரியான இடத்தில் அலையைப் பிடித்து, கண் சிமிட்டும் நேரத்தில் எழுந்து நிற்க அவர்களுக்குத் தெரியும். எனக்கும் உங்களுக்கும் தெரியாது. தெரியாதவனுக்கு வேண்டியது 8 அல்லது 9 அடி நீளம், 22 அங்குலத்துக்குக் குறையாத அகலம், 3 அங்குல கனம், 80, 90 லிட்டர். மேலே மெத்தென்று நுரை ஒட்டிய ஃபோம் போர்டு. பார்க்க அழகாக இருக்காது. பாத்ரூம் கதவு மாதிரிதான் இருக்கும். தலையில் பட்டால் வலிக்கும், ஆனால் கிழிக்காது. கற்றுக்கொடுக்கிற எல்லா இடத்திலும் இதைத்தான் கொடுப்பார்கள். இதை யாரும் ஸ்டைலாகக் கையில் பிடித்து போட்டோ எடுத்துக்கொள்வதில்லை. கடைகளில் கூர் மூக்கு முன்வரிசையில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

சரி, அந்த பாத்ரூம் கதவின் மேல் என்ன செய்ய வேண்டும்? இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும். கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் வாங்குகிற அவசரம் குறையும்.

பாடம் மணலில் ஆரம்பிக்கிறது. கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து கடலைப் பாருங்கள். அலை ஒரே சீராக வராது. நாலைந்து பெரிசாகக் கூட்டமாக வரும், அப்புறம் கொஞ்சம் ஓயும். கட்டுமரம் தள்ளுகிறவர்கள் அந்த ஓய்வுக்காகத்தான் காத்திருப்பார்கள். எங்கே அலை முதலில் உடைகிறது, எங்கே உடையாமல் தண்ணீர் கலங்கலாக, அமைதியாகக் கிடக்கிறது என்று பாருங்கள். அந்த அமைதியான பட்டையைத்தான் நம்ம ஆட்கள் 'இங்க அலை இல்லப்பா, குளிக்கலாம்' என்று தேடிப் போய் இறங்குவார்கள். பல நேரம் அதுதான் கரைத் தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடுகிற வழி! மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். மெரினாவிலும் ஈ.சி.ஆர். கடற்கரைகளிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோம். இந்த ஒரு விஷயத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலாவது சொல்லித் தருகிறோமா?

அடுத்து, படுப்பது. ஆமாம், படுப்பதற்கும் ஒரு இடம் இருக்கிறது. ரொம்ப முன்னால் படுத்தால் மூக்கு தண்ணிக்குள் குத்தி, நீங்கள் தலைகீழாகப் போவீர்கள். ரொம்பப் பின்னால் படுத்தால் வால் அமுங்கி, போர்டு பிரேக் போட்ட மாதிரி நிற்கும், அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். மூக்கு தண்ணீருக்கு மேலே ரெண்டு அங்குலம் தெரிய வேண்டும். நெஞ்சைத் தூக்கி, கால்களைச் சேர்த்து, ஒரு கை மாற்றி ஒரு கையாகத் துழாவ வேண்டும். சர்ஃபிங் என்றால் நிற்பது என்று நினைக்கிறோம். கடலில் ஒரு மணி நேரம் இருந்தால் கிட்டத்தட்டப் பாதி நேரம் இப்படிக் கை வலிக்கத் துழாவுவதுதான். மீதியில் பெரும்பகுதி காத்திருப்பது. நிஜமாக அலை மேல் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அஞ்சு நிமிஷம் தேறினால் பெரிசு.

அப்புறம்தான் எழுந்திருப்பது. உடைந்து நுரையாக வருகிற அலையில், இடுப்பளவுத் தண்ணீரில்தான் முதல் பாடம். அலை பின்னாலிருந்து தள்ளியதும் இன்னும் ரெண்டு துழாவல். பிறகு உள்ளங்கைகளை விலாப் பக்கத்தில் போர்டின் மேல் தட்டையாக ஊன்ற வேண்டும். ஓரத்தைப் பிடித்தால் கவிழ்ந்தீர்கள். தண்டால் எடுக்கிற மாதிரி உடம்பைத் தூக்கி, முன்னங்காலை ரெண்டு கைக்கும் நடுவில் ஒரே மூச்சில் கொண்டுவந்து வைக்க வேண்டும். முட்டி போட்டு, யோசித்து, நிதானமாக எழுகிற பழக்கம் வந்துவிட்டால் விடாது. எனக்கு அது போக நாலு மாசம் ஆனது. முட்டி மடங்கி இருக்கட்டும். காலைக் குனிந்து பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். எங்கே பார்க்கிறீர்களோ அங்கே போவீர்கள், தண்ணியைப் பார்த்தால் தண்ணிக்குள்.

எந்தக் கால் முன்னால்? மொசைக் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஓடி ஒரு சறுக்கு சறுக்குங்கள். தானாக எது முன்னால் போகிறதோ அதுதான். (வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யவும்.)

விழுவதும் பாடம்தான். தலைகுப்புற டைவ் அடிக்கக் கூடாது. அடியில் மணல் முழங்கால் ஆழத்தில் இருக்கலாம். தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது ரெண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும். தண்ணீரில் நிற்கும்போது அலைக்கும் உங்களுக்கும் நடுவில் போர்டு இருக்கக் கூடாது. அலை அதை உங்கள் முகத்தில்தான் அறையும்.

இதில் எதையும் சின்னப் போர்டில் பழக முடியாது. காரணம் ரொம்ப எளிது. என் கணக்கில், பெரிய ஃபோம் போர்டில் ஒரு மணி நேரத்துக்கு 20 தடவை எழ முயற்சி செய்தேன். கூர் மூக்கில் ரெண்டு தடவை. எழுந்த எண்ணிக்கைதான் சார் இதில் முதலீடு. மற்றதெல்லாம் செலவுக் கணக்கு.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. 'எப்படியும் பின்னால் சின்னது வாங்கத்தானே போறோம், இப்பவே வாங்கிட்டா மிச்சம்தானே' என்று என் ஆடிட்டர் நண்பர் கேட்டார். அவரே இப்படிக் கேட்டால்! ஒரு வகுப்புக்கு 2,000 ரூபாய் என்று அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 52,000 ரூபாயில் 26 வகுப்பு. வாரத்துக்கு ஒன்று என்றால் சரியாக ஆறு மாசம். போர்டும் அவர்களுடையது, கூடவே கண்பார்வையில் ஒரு ஆள். போர்டு வாங்கினால் பரணில் வைக்க இடம், கார் மேல் ரேக், வெயிலில் காருக்குள் மறந்து வைத்தால் கொப்புளம். ஒரு விரிசல் விழுந்தால் தண்ணி உள்ளே போய் நுரை ஊறிவிடும். டெப்ரிசியேஷன் என்று நாங்கள் பரீட்சைக்குப் படித்தது என்ன என்பதை அந்தப் போர்டைப் பார்த்துத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

'வகுப்பு நடத்துகிறவங்க காசுக்குச் சொல்றாங்க' என்பார்கள் சிலர். சரி, காசுக்கே சொல்லட்டும். அதனால் 84 கிலோ 30 லிட்டரில் மிதந்துவிடுமா?

'கோவளம் பையன்கள் சின்னப் போர்டில் ஆடறாங்களே?' இது இன்னொரு கேள்வி. அந்தப் பையன்கள் முப்பது, நாற்பது கிலோ. நடக்கப் பழகிய நாளிலிருந்து கடலில் கிடக்கிறவர்கள். அந்த ஊரில் சர்ஃபிங்கை வளர்த்த மூர்த்தி மேகவன் மீனவர்தான். சின்ன வயசில் மரப்பலகையில் அலையேறிப் பழகியவர். 2012இல் நண்பர்கள் துணையோடு சர்ஃபிங் பள்ளி ஆரம்பித்தார். அவருக்குக் கடல் முதலில் வந்தது, போர்டு கடைசியில் வந்தது. நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, அதே பலன் வேண்டும் என்கிறோம்.

உலக அளவில் வேண்டுமா? பிரேசில்காரர் இதாலோ ஃபெர்ரெய்ரா. அப்பா மீன் வாங்கி விற்பவர். மீனை ஐஸில் போட்டு வைக்கிற தெர்மகோல் பெட்டியின் மூடி இருக்கிறது இல்லையா, அந்த மூடியில்தான் பையன் அலை சறுக்கப் பழகினான். 2019 செப்டம்பரில் ஜப்பானில் உலகப் போட்டி. பாஸ்போர்ட் தொலைந்து, விமானம் தாமதமாகி, தன் சுற்று முடியச் சில நிமிஷம் இருக்கும்போதுதான் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். போர்டு இல்லை. சக நாட்டுக்காரர் ஃபிலிப்பே டோலேடோவின் போர்டை வாங்கிக்கொண்டு, போட்டிருந்த ஜீன்ஸ் டிரவுசரோடு தண்ணீரில் குதித்தார். அந்தச் சுற்றை ஜெயித்தார். கடைசியில் அந்தப் போட்டியின் தங்கமும் அவருக்குத்தான். 2021 ஜூலையில், டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் தடவையாக சர்ஃபிங் வந்தபோது, இறுதிச் சுற்றின் முதல் அலையிலேயே போர்டு உடைந்தது. கரைக்கு வந்து வேறு போர்டை எடுத்துக்கொண்டு போய் தங்கம் வாங்கினார். அவர் கையில் மீன் பெட்டி மூடியைக் கொடுத்தாலும் ஓட்டுவார். என் கையில் அவருடைய போர்டையே கொடுத்தாலும் ஒரு பிள்ளையின் புருவம்தான் கிழியும்.

மற்ற சாமான்கள் பற்றி ரெண்டு வரி. வெட்சூட் என்று ரப்பர் உடுப்பு விற்பார்கள். அது குளிர்கடலுக்கு. நம்ம வங்காள விரிகுடாவில் தண்ணீர் வருஷத்தில் பெரும்பாலும் 27 டிகிரிக்கு மேல்தான், அதற்குள் வெந்துபோவீர்கள். முழுக்கை பனியன் மாதிரி ஒட்டிப் பிடிக்கிற ஒன்று போதும், வெயிலுக்கும் நெஞ்சு உரசாமல் இருக்கவும். மெழுகு தேய்ப்பது ஃபைபர் போர்டுக்கு. அதிலும் வெப்ப மண்டலத்துக்கென்று விற்கிற கெட்டி மெழுகுதான் நம்ம வெயிலுக்கு நிற்கும். அடியில் இருக்கிற ஃபின் ஒன்றா, மூன்றா, நாலா என்ற வாக்குவாதத்தை மூன்று வருஷம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

கயிறு மட்டும் விதிவிலக்கு. அதில் ஒரு பைசா பேரம் கூடாது. 1970க்கு முன்னால் சர்ஃபர்கள் யாரும் கயிறு கட்டியதில்லை என்றே சொல்லலாம். போர்டு போனால் நீந்திப் போய் எடுப்பார்கள், நடுவில் யார் மண்டையில் படும் என்பது அவரவர் தலையெழுத்து. 1971 வாக்கில் கலிஃபோர்னியாவில் பேட் ஓ'நீல் கயிறு கட்டிக்கொண்டு வந்தபோது சிரித்தார்களாம். அப்போது அது ஆஸ்பத்திரி ரப்பர் குழாய். இழுத்து, திரும்பச் சுண்டி அடிக்கும். அவருடைய அப்பா ஜாக் ஓ'நீல், வெட்சூட் வியாபாரத்தில் பெரிய பெயர், அப்படித் திரும்பி வந்த போர்டு பட்டுத்தான் இடது கண்ணை இழந்தார். கண்ணில் கறுப்புப் பட்டையோடு இருக்கிற அவர் படத்தைப் பார்த்திருக்கலாம். இப்போது வருகிற கயிறு அப்படிச் சுண்டாது. போர்டின் நீளம் எவ்வளவோ அதே நீளத்துக்கு, பின்னங்கால் கணுவில் கட்ட வேண்டும். அதுவும் அறுந்து போகலாம். அதனால் நீச்சல் தெரியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். குளத்தில் நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.

கடைக்காரர்களுக்கு: கயிறு இல்லாமல் போர்டு விற்காதீர்கள். பிரேக்கைத் தனி விலைக்கு விற்கிற சைக்கிள் கடை உண்டா? எடை என்ன, நீச்சல் தெரியுமா, எத்தனை தடவை தண்ணீரில் இறங்கியிருக்கிறீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வியாபாரம் போகும். போகட்டும். தகுதி இல்லாதவனுக்குக் கடன் கொடுத்த பேங்க் மேனேஜரை மட்டும் திட்டுகிறோமே, தகுதி இல்லாதவனுக்குக் கூர் மூக்கு விற்கிறவரை ஏன் விட வேண்டும்?

இதைப் படித்துவிட்டு, 'நாங்க கேட்டா கஸ்டமருக்குக் கோபம் வருது' என்று யாராவது கடிதம் போடுவார்கள். உண்மைதான். அன்றைக்கு என் எடையைக் கேட்டிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும்.

என்னுடைய அந்த 6 அடி 2 அங்குலம் இப்போது கோவளத்தில் ஒரு பையனிடம் இருக்கிறது. 17 வயசு, 58 கிலோ. அவனுக்கு அது அளவாக இருக்கிறது. கொடுத்தபோது கூடவே 3,500 ரூபாய்க்கு லீஷ் வாங்கிக் கொடுத்தேன். நான் இன்னும் 9 அடி பாத்ரூம் கதவில்தான், அதுவும் வாடகைக்கு.